பதினொரு மணித் தண்ணீர்

கடல்நீர் ஆய்வுக்கூடத்தின் பழைய பதிவேடுகளை இப்போது கணினியில் ஏற்றுகிறார்கள். மிதவையில் பொருத்திய கருவி மணிக்கு ஒருமுறை தானே அளந்து தானே அனுப்பிவிடுகிற காலத்தில், கையால் எழுதிய பழைய எண்களுக்கும் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ஆய்வு மாணவி ஒருத்தி போன மாதம் மட்டாஞ்சேரியில் என் வீட்டைத் தேடி வந்தாள். கையில் ஒரு பக்கத்தின் நகல் இருந்தது.

"சாரே, இதுல நேரம்னு ரெண்டு எழுதியிருக்கு. நீல மையில பதினொண்ணு. சிவப்பு மையில ஒண்ணு பத்து. எதை ஏத்தணும்?"

"சிவப்பை."

"அப்ப நீலம்?"

"அது பொய்."

"ஆரு எழுதினது?"

"ரெண்டும் நான்தான்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு விவரமாகச் சொல்லச் சொன்னாள். ஒரு சாயா நேரத்தில் முடிகிற விஷயம் இல்லை. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது அந்த மீதி.

என் அப்பா கொச்சி நகரசபையில் வடிகால் பிரிவில் வேலை பார்த்தார். எனக்குப் பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் கொச்சி நிருபருக்குக் கீழே கப்பல் செய்தி எடுத்தேன். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எது வெளியே போனது, மறுநாள் கடல் ஏற்றமும் இறக்கமும் எப்போது. நான்கு வரிச் செய்தி. கப்பலின் பெயரில் ஓர் எழுத்து தவறினால் மறுநாள் காலை நிருபர் தாளை மடித்து என் முன்னால் வைப்பார்.  பிறகு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் குப்பி கழுவினேன். அதுதான் பயிற்சி.

எங்கள் பிரிவின் தலைவர் அன்னம்மா மேடம். கோட்டயத்துக்காரர். மண்டபம் என்ற தமிழ்க் கடலோர ஊரில் சில ஆண்டுகள் இருந்ததால் என்னோடு தமிழில் பேசுவார். நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். குரலை உயர்த்த மாட்டார். ஒரு பதில் பிடிக்கவில்லை என்றால் அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்பார். மூன்றாவது முறைக்குள் உண்மை வந்துவிடும். புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் அந்த வரைபடத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு சங்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். "நாளைக்கும் இது அப்படியே இருந்தா நோக்கலாம்" என்பார். மறுநாள் சில வரைபடங்கள் அப்படியே இருக்கும். பல இருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு சிறிய கேள்வியோடு தொடங்கினார். காற்றில் கரியமிலவாயு கூடுகிறது. அதில் ஒரு பங்கு கடலில் கரைகிறது. கரைந்தால் கடலின் காரத்தன்மை குறைந்து அமிலப் பக்கம் நகர வேண்டும். நகர்கிறதா? ஏழு என்றால் நடுநிலை, எட்டுக்குச் சற்று மேலே என்றால் கடல். அந்த எண்ணைத்தான் பி.எச். என்கிறோம். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் 'கடல் அமிலமாதல்' என்று சொல்கிறார்கள். அன்று அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. சிப்பியும் நத்தையும் ஓடு கட்டத் தண்ணீரிலிருந்துதான் சரக்கு எடுக்க வேண்டும். தண்ணீர் அமிலப் பக்கம் போகப்போக அந்தச் சரக்கு கிடைப்பது கடினமாகும். அதனால் நீரை அளப்பதோடு, அதே இடத்தில் வளரும் கல்லுமேக்காயையும் அளப்பது என்று முடிவானது. பச்சை விளிம்புள்ள சிப்பி அது. இங்கே எல்லோரும் தின்பது.

இடம், கொச்சி முகத்துவாரம். போர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே, கப்பல் வழியின் ஓரத்தில் நிற்கும் ஒரு கம்பத்தின் பக்கம். அங்கே கடல் ஏறும்போது வெளிக்கடலின் நீர் உள்ளே வரும். இறங்கும்போது காயலின், அதாவது உள்ளே தேங்கும் உப்பங்கழியின், நீர் வெளியே போகும். எங்களுக்கு வேண்டியது கடலின் நீர். ஆகவே ஏற்றம் நிறைந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுக்க வேண்டும். ஏற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இரண்டு வாரத்தில் சுற்றிவந்து பழைய நேரத்தைப் பிடிக்கும். மேடம் அட்டவணையைப் பார்த்து, ஏற்றம் பதினொரு மணியை ஒட்டி வரும் நாட்களாகத் தேர்ந்தெடுப்பார். மாதம் பிறக்கும் முன்பே பயணத்தாள் தட்டச்சாகிவிடும்: படகு புறப்பாடு பத்து, கம்பம் பதினொன்று, திரும்புதல் பன்னிரண்டரை.

நீர் எடுப்பதில் அவர் வைத்த முறை இது. இரு முனையும் திறந்த குழாயைக் கயிற்றில் இறக்க வேண்டும். மூன்று மீட்டரில் நிறுத்தி, கயிற்றின் வழியே ஓர் எடைக்கட்டியை நழுவவிட்டால் மூடிகள் அடைந்துகொள்ளும். மேலே இழுத்ததும் ரப்பர் குழாயின் நுனியைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை செலுத்தி, நீரைச் சத்தமில்லாமல் நிரப்ப வேண்டும். குப்பி நிறைந்த பிறகும் அதே அளவு நீர் வழிந்து போக விடவேண்டும். ஒரு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி. பிறகு பாதரச உப்புக் கரைசலில் சில சொட்டு. அது விஷம். நீருக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குப்பிக்குள் மூச்சுவிட்டால் கரியமிலவாயு கூடி எண் மாறிவிடும். அதனால் அவற்றைக் கொல்ல வேண்டும். கண்ணாடி மூடி, கிரீஸ், ரப்பர் வளையம். இதேபோல இரண்டாவது குப்பி. இரண்டையும் அளந்து ஒப்பிட்டால்தான் எண் பதிவேட்டில் ஏறும்.

படகை ஓட்டியவர் காதர் அண்ணன். ஸ்ராங்கு என்பது பதவி. காயல்பட்டினத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம். கம்பத்திலிருந்து நான் சுரண்டி எடுக்கும் கல்லுமேக்காயில் ஓடு மட்டும்தான் ஆய்வுக்கு. "ஓடு கவர்மெண்டுக்கு, சதை எனக்கு. நாட்டுல எல்லாம் நேர்மாறா நடக்குது, இங்கதான்டா நியாயம்" என்பார்.

முதல் இரண்டு ஆண்டுகள் பயணத்தாளும் கடிகாரமும் ஒத்துப்போயின. பிறகு மெல்லப் பிந்தத் தொடங்கியது. முதலில் டீசல். வெலிங்டன் தீவின் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கிவர இருபது நிமிடம். பிறகு படகை வேறொரு பிரிவுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அவர்களை முதலில் வைப்பினில் இறக்க வேண்டும். பிறகு படகுத்துறையே மட்டாஞ்சேரியிலிருந்து வெலிங்டன் தீவுக்கு மாறியது; துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டு, பை சோதனை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி.

ஒருமுறை நான் கம்பத்தை அடைந்த உண்மையான நேரத்தைப் பதிவேட்டில் எழுதினேன். பதினொன்று நாற்பது. பயணத்தாளில் பதினொன்று. அலுவலகப் பிரிவு இரண்டையும் ஒப்பிட்டு, 'வேறுபாட்டுக்கு விளக்கம் தருக' என்று காதர் அண்ணனுக்கு மெமோ அனுப்பியது. அவர் விளக்கம் எழுதினார். அந்த விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். மூன்றாவது வாரம் படகில் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எடா சம்முகம், தண்ணிக்கு மணி தெரியுமாடா?"

"தெரியாது."

"மெமோ அனுப்புறவனுக்குக் கடலு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தாள்ல என்ன போட்டிருக்கோ அதையே எழுது. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

எழுதினேன். அடுத்த பயணத்தில் பதினொன்று. அதற்கடுத்த பயணத்தில் பதினொன்று. எங்கள் அலுவலகத்தில் இதற்குப் 'பேப்பர் நேரம்' என்று பெயர்கூட உண்டு. வருகைப் பதிவேட்டிலிருந்து வண்டிப் புத்தகம்வரை எல்லாம் பேப்பர் நேரத்தில்தான் ஓடியது. யாரையும் ஏமாற்றுவதாகத் தோன்றவில்லை. அரைமணி ஒரு மணியானது, ஒரு மணி இரண்டானது. பதிவேட்டில் மட்டும் கடல் எப்போதும் பதினொரு மணிக்கே நின்றது.

குறிப்பு என்று ஒரு கடைசிக் கட்டம் இருக்கும். அதில் காற்று, மேகம், நீரின் நிறம் எழுதவேண்டும். நான் அவற்றோடு, அந்த நேரத்தில் எங்களைக் கடந்துபோகும் கப்பலின் பெயரையும் எழுதிவந்தேன். நாளிதழில் விழுந்த பழக்கம். ஒரு கப்பல் போனால் பெயரைப் படிக்காமல் இருக்க என்னால் இன்றும் முடியாது.

எடுத்துவந்த நீரை அளந்தது முதலில் மேடமே. பிறகு திட்டப் பணியாளராக பிலோமினா வந்தாள். போர்ட் கொச்சிப் பெண், வேதியியல் படித்தவள், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை. கணவருக்கு நிலையான வேலை இல்லை. அவள் பேசியது மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன், மாற்ற மனம் வராத சொற்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு. குப்பிகளை இருபத்தைந்து டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, கண்ணாடி மின்முனையை நுழைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பாள். அந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் வராது. ஒருமுறை அலுவலகக் கண்காணிப்பாளர் வந்து நின்றார். கையை மட்டும் உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். அவர் நின்றார்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆனபோது மேடம் எல்லாக் கோடைகால எண்களையும் ஒரே தாளில் வரைந்தார். மழைமாதங்களைச் சேர்க்கவில்லை, அப்போது ஆற்று நீர் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். கோடையில் காயலும் கடலும் உப்பில் ஏறக்குறைய ஒன்று. வரைபடத்தில் பி.எச். இறங்கிக்கொண்டே வந்தது. பத்தாண்டில் பத்தில் இரண்டு, அதாவது 0.2. அப்போது வெளிவந்துகொண்டிருந்த கட்டுரைகளின்படி, உலகக் கடல்களின் மேல்நீர் ஆலைகள் பெருகிய காலம் முதல் இறங்கியதே பத்தில் ஒன்றுதான்.

"எடோ சண்முகம், உலகத்துக்கு ரெண்டு நூற்றாண்டு. நம்ம கொச்சிக்குப் பத்து வருஷம். அதுவும் ரெண்டு மடங்கு. இது ஒண்ணுகில் பெரிய சங்கதி, இல்லெங்கில் பெரிய மண்டத்தனம், நம்ம முட்டாள்தனம்."

தாளைக் கவிழ்த்துச் சங்கை வைத்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தார். அப்படியே இருந்தது.

அவரை அரித்தது சிப்பி. அதே பத்தாண்டுச் சிப்பி ஓடுகள் பெட்டிகளில் இருந்தன. ஒரே நீளமுள்ளவற்றை எடுத்து நிறுத்துப் பார்த்தோம். பழைய ஓட்டுக்கும் புதிய ஓட்டுக்கும் எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிப்பிக்குத் தீனி நிறையக் கிடைத்தால் மோசமான நீரிலும் நல்ல ஓடு கட்டும் என்பதால் இது முடிவான சாட்சி அல்ல. ஆனாலும் அவர் பெட்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"வெள்ளம் ஒண்ணு பறையுது, சிப்பி வேறொண்ணு பறையுது. ஆரோ கள்ளம் பறையறாங்க. ஆருன்னு தெரியணும்."

அவர் மொழியில் வெள்ளம் என்றால் தண்ணீர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. மகிழ்ச்சிதான் இருந்தது. எனக்கு மட்டும் அந்தக் கள்ளன் யார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அடுத்த ஆறு வாரங்கள் அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். மின்முனையை மாற்றினார், புதியதும் பழையதும் ஒரே எண் சொன்னது. மின்முனை விடுதலை. கருவியைச் சரிபார்க்கும் தரக்கரைசலைப் புதிதாகத் தயாரிக்கச் சொன்னார், நான்தான் தயாரித்தேன், பழையதில் குற்றமில்லை. குப்பிக் கண்ணாடியிலிருந்து ஏதேனும் கசிகிறதா? நான்கு வாரம் நீரை நிரப்பி வைத்துப் பார்த்தோம். இல்லை. விஷத்தின் அளவு சரி. தொட்டியின் வெப்பம் சரி. நான் எல்லாச் சோதனையிலும் பக்கத்தில் நின்று உதவினேன். நேரத்தை அவர் விசாரிக்கவே இல்லை. ஒருநாள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "இதில் சந்தேகமில்லை. பேப்பரில் இருந்த ஆளு எழுதினது" என்று மூடிவைத்தார்.

மிச்சம் இருந்தது அளந்த கை. இறக்கம் செங்குத்தானது பிலோமினா வந்த ஆண்டிலிருந்து. படகுத்துறை தீவுக்கு மாறியதும் அதே ஆண்டுதான். அதனால் படகு எவ்வளவு பிந்தியது என்பதை நான் மட்டும் அறிவேன், காதர் அண்ணனும்.

மேடம் அவளைக் கண்மூடிச் சோதனைக்கு உட்படுத்தினார். ஒரே நீரைப் பல குப்பிகளில் அடையாளமின்றிக் கொடுத்து அளக்கச் சொல்வது. அவள் அளந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஆனால் அது இன்றைய கை. நான்கு ஆண்டுக்கு முந்தைய கைக்கு அதில் சாட்சி இல்லை. அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே பிலோமினா என் முன் வந்து உட்கார்ந்தாள். மரவள்ளிக் கப்பையும் மீனும் கொண்டுவந்திருந்தாள். வலது கையை மேசைக்குமேல் நீட்டி விரித்துப் பிடித்தாள்.

"நோக்கூ சண்முகேட்டா. விறைக்குதா, நடுங்குதா?"

"இல்ல."

"நல்லா நோக்கிச் சொல்லுங்க."

"இல்ல பிலோமினா."

"பின்ன எங்க தெத்து, எங்க தப்பு? என் சாம்பிள் எல்லாம் உங்க கையிலிருந்து எனக்கு வந்ததுதானே. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

தோணவில்லை என்றேன். அவள் பாத்திரத்தைத் திறந்து பாதிக் கப்பையை என் தட்டில் வைத்தாள். தின்றேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் தட்டச்சுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு கைப்பிரதியைக் கொடுத்தார். படியேறும்போது படித்தேன். பிலோமினாவின் பணியை வரும் ஆண்டுக்குப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை. அளவீட்டில் தொடர்ச்சியான பிழைக்கு வாய்ப்பு உள்ளது. நான்கே வரி. எனக்கு அந்த மாதம் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருந்தது. காதர் அண்ணனுக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டு. இரண்டையும் படிக்கட்டில் நின்று எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு இறங்கி வந்தேன்.

"மேடம், கள்ளம் சொன்னது நேரம். நான் எழுதின நேரம்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். நான் பேப்பர் நேரத்தைப் பற்றிச் சொன்னேன். மெமோவைச் சொன்னேன். டீசலை, துறைமுக வாசலைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தர நேரம் பிந்தும்?"

"கொஞ்சம் பிந்தும் மேடம்."

"எத்தர நேரம் பிந்தும்?"

"சில நாள் ஒரு மணி."

"எத்தர நேரம் பிந்தும்?"

"கடைசி வருஷங்கள்ல ரெண்டு, ரெண்டரை."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஏற்ற அட்டவணையை எடுத்துவந்து விரலை வைத்தார். "பதினொண்ணுக்கு நிறையும். ஒண்ணரைக்குப் பாதி இறங்கியிருக்கும். அப்ப நீ கொண்டுவந்தது கடலல்ல. காயல்." காயல் நீரில் அழுகுவது அதிகம், மூச்சுவிடும் உயிர்கள் அதிகம், அதன் பி.எச். எப்போதும் கீழே. கோடையில் உப்பு மட்டும் கடலைப்போலவே இருந்ததால் அது வேடம் போட்டுக்கொண்டு எங்கள் குப்பிக்குள் வந்திருக்கிறது. படகு ஆண்டுக்கு ஆண்டு பிந்தியது. நீர் ஆண்டுக்கு ஆண்டு காயலானது. வரைபடத்தில் கடல் அமிலமானது.

"சிப்பி கள்ளம் பறையல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பதிவேட்டைத் திறந்து, அதுவரை அவர் கவனித்தே இராத கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டார்.

"இதெந்தா? இது கப்பலோட பேரா?"

"ஆமா மேடம். பழக்கம்."

"எல்லா டிரிப்பிலும் உண்டா?"

"கப்பல் போன நாள்ல எல்லாம்."

"துறைமுகத்தில் கப்பல் கடக்கிற நேரம் எழுதிவைப்பாங்கல்ல?"

எழுதிவைப்பார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நான் இரண்டு ஆண்டு சம்பளம் வாங்கினேன். இது என் தலையில் உதிக்காமல் அவர் தலையில் உதித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அனுமதிக் கடிதத்தோடு தீவிலிருந்த துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வாரம், தினமும் மதியத்துக்குப் பிறகு, பழைய பேரேடுகளிலிருந்து நேரங்களை நகலெடுத்தேன். எல்லாம் கைகொடுக்கவில்லை. தூர்வாரும் கப்பலின் பெயரை நான் பல இடங்களில் எழுதியிருந்தேன். அது ஒரு நாளில் ஆறு முறை போய்வருவது. சில நாள் இரண்டு கப்பல் எழுதியிருந்தேன், எது முன் எது பின் என்று இல்லை. அங்கே காதர் அண்ணன் உதவினார். முதல் நாள், "என்னையும் சேத்து முக்கிட்டியேடா" என்றது மட்டும்தான். மூன்றாம் நாள் தானாகவே படகுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, "இந்த எண்ணெய்க் கப்பல் அன்னிக்கு நமக்கு முன்னால போச்சு. அது கிளப்பின அலையிலதான் உன் குப்பி உடஞ்சது, மறந்துட்டியா?" என்றார். மொத்தப் பயணங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உண்மை நேரம் கிடைத்தது. அவற்றைத்தான் சிவப்பில் எழுதினேன்.

மேடத்துக்குக் கோபம் வந்தது அதற்கிடையில் ஒருநாள். நான் நேரங்களைப் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "பத்து வருஷம், சண்முகம். எனக்கு இனி இதுபோல ஒரு பத்து வருஷம் இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அடுத்தது படி" என்றார்.

பிலோமினாவிடம் நானே சொன்னேன். மேடம் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். 

"அன்னைக்குக் கப்பை தின்னீங்களே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"நல்லாருந்துச்சா?"

 அவள் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அவள்தான் புள்ளிகளை மறுபடி வரைந்தாள். இம்முறை கீழ்க்கோட்டில் ஆண்டு இல்லை; ஏற்றம் நிறைந்து எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்பது. பத்தாண்டின் புள்ளிகள் எல்லாம், எந்த ஆண்டினது என்று பாராமல், ஒரே வளைவில் வந்து உட்கார்ந்தன. நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம். மேடம் இதையும் கவிழ்த்துச் சங்கை வைத்தார். மறுநாள் பிலோமினாதான் முதலில் வந்து சங்கை எடுத்தாள்.

அந்த வளைவை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஆண்டுவாரியான இறக்கத்தில் மிகச் சிறிதே மிஞ்சியது. அது கடலா, கருவியின் தடுமாற்றமா என்று பிரிக்க முடியாத அளவு. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுதக்கூடாது" என்று மேடம் அடித்துவிட்டார். எழுதியது வேறொன்று. உலகக் கடல் இத்தனை காலத்தில் இறங்கிய அளவைவிட அதிகமாக இந்த முகத்துவாரத்தின் நீர் ஒரே நாளில் இறங்கி ஏறுகிறது. அதற்குள்தான் கல்லுமேக்காய் வாழ்கிறது. அது எப்படிச் சமாளிக்கிறது? கம்பத்திலிருந்து எடுத்துவந்து படகுத்துறையில் கூண்டில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, காயல் நீர் வரும் நேரத்தில் பல சிப்பிகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. கடல் நீர் வந்ததும் திறந்தன. அதனால்தான் ஓடு தேறுகிறதா என்பது அடுத்த கேள்வி. "இதுங்களுக்கு நம்மைவிட நல்லா டைம் தெரியும்" என்று மேடம் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பிலோமினாவைப் பற்றிய அந்த நான்கு வரிகள் கிழிக்கப்பட்டன. அவளைப் புதுப்பிக்கும் பரிந்துரை போனது. காதர் அண்ணனுக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை. என் பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. எல்லாம் குறைந்த செலவில் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் திட்டத்துக்கு நிதி தருபவர்கள் கொச்சிக் கடல் வேகமாக அமிலமாகிறது என்று, எங்கள் ஆண்டறிக்கைகளில் இறங்கிவந்த எண்களை நம்பித்தான் தந்திருந்தார்கள். அப்படியில்லை என்று நாங்களே எழுதியபின், அவசரமில்லை என்று நீட்டிப்பை நிறுத்திவிட்டார்கள். திட்டம் இல்லையென்றால் திட்டப் பணியாளரும் இல்லை. பொய்யில் அவள் பெயர் கெட்டு வேலை போயிருக்கும். உண்மையில் பெயர் நின்று வேலை போனது. மேடம் மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதினார். களமசேரியில் ஒரு தொழிற்சாலையின் நீர்ச்சோதனைக் கூடத்தில் இடம் கிடைத்தது. சம்பளம் குறைவு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

கடைசி வாரம் அவள் மேடத்திடம் ஒன்று கேட்டாள். அத்தனை ஆண்டு அளந்த நீரை எடுக்கும் இடத்தை அவள் பார்த்ததே இல்லை. திட்டப் பணியாளருக்குப் படகில் அனுமதி இல்லை. படகில் வந்தே பல ஆண்டாகியிருந்த மேடம், இம்முறை போட்டிருந்த தன் பெயரைப் பயணத்தாளிலிருந்து அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார்.

அன்றும் படகு பிந்தியது. காதர் அண்ணன் வேகத்தைக் கூட்டியும் கம்பத்தை அடைந்தபோது நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. பிலோமினாவுக்குத் தலைசுற்றல்; எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடைக்கட்டியை நழுவவிட்டேன். மூடிகள் அடைந்த அதிர்வு கயிற்றில் வந்ததும் தலையசைத்தேன்.

"பன்னிரண்டு பதினாலு" என்றாள். எழுதினேன்.

"மோளே, ஒரு ரெண்டு நிமிசம் குறச்சுச் சொல்லக்கூடாதா?" என்றார் காதர் அண்ணன்.

"ரெண்டு நிமிஷம் குறச்சா உங்க சிப்பிக்குழம்பு வேகுமா இக்கா? வேகாதுல்ல?"

அவர் சிரித்தார். நான் இரண்டு குப்பியையும் நிரப்பினேன். வழியும் நீரை அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ஏற்ற அட்டவணையைத் தொடையில் விரித்து, மனக்கணக்குப் போட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்: 8.04.

"வளைவு சரின்னா இதுதான் வரணும்" என்றாள்.

பிற்பகல் முதல் குப்பி தொட்டியிலிருந்து வெளியே வந்தது. மின்முனையை நுழைத்தாள். எண் கொஞ்சம் ஆடியது, இறங்கியது, நின்றது. 8.05. நான் பதிவேட்டைத் திறந்தேன். கருவியின் பிழைக்குள் அடங்கும் வேறுபாடு. மேடமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மதி, போதும் பிலோமினா, பஸ் போகும். ஷேக்ஹேண்டு தா" என்று கையை நீட்டினார்.

பிலோமினா ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கண் எண்ணைவிட்டு நகரவில்லை.

"சண்முகேட்டா, ரெண்டாவது குப்பியை எடுங்க."